முந்தைய வக்கீல் கோட்டைவிட்ட வழக்குக் கட்டு கைக்கு வந்தால்: பொறுப்பு யாருக்கு, நம் ஆபீஸை எப்படி நடத்துவது?

பவானிக்கரை எழுதியது:

வணக்கம். சீனியர் ஆபீஸிலிருந்து வெளியே வந்து தனியாக பிராக்டிஸ் செய்கிறேன். போன வாரம் சார்பு நீதிமன்றத்துப் பாகப்பிரிவினை வழக்கு ஒன்று வந்தது. நம் கட்சிக்காரர் இரண்டாம் பிரதிவாதி, வயதான விவசாயி. சம்மன் வந்ததும் ஒரு வக்கீலைப் பார்த்து, வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு, ஃபீஸும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறார். எதிர்வழக்குரை (வழக்குக்கு நம் தரப்புப் பதில்) தாக்கல் ஆகவே இல்லை. எக்ஸ்பார்ட்டி (நம் தரப்பு இல்லாமலேயே முடிவு) ஆகி, யாருக்கு எவ்வளவு பங்கு என்ற முதல்நிலைத் தீர்ப்பாணையும் வந்து, நிலத்தைப் பிரித்துத் தரும் இறுதித் தீர்ப்பாணை மனுவில் கோர்ட் நியமித்த அட்வகேட் கமிஷனர் சர்வேயரோடு தோட்டத்தில் வந்து நின்றபோதுதான் அவருக்கு விஷயமே தெரிந்திருக்கிறது. இடையில் போன் செய்தபோதெல்லாம் "வாய்தா போட்டிருக்குங்க, நீங்க வர வேண்டியதில்லை" என்று குமாஸ்தா சொல்லி வந்திருக்கிறார்.

இப்போது பழைய வக்கீல் மீதி ஃபீஸ் வந்தால்தான் கட்டும், வக்கீலை மாற்றுவதற்கான நோ அப்ஜெக்‌ஷனும் தருவேன் என்கிறார். கட்சிக்காரரின் மகன் "அவர் மேல கன்ஸ்யூமர் கோர்ட்ல போடலாமா?" என்று கேட்கிறார். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவில் பழைய வக்கீலைப் பற்றி எவ்வளவு எழுதலாம் என்பது என் குழப்பம். அதோடு இன்னொன்று. நாளைக்கு என் கட்டிலும் இப்படி ஒன்று நடந்தால்? இங்கே யாராவது இன்சூரன்ஸ் வைத்திருக்கிறீர்களா?

தாமிரபரணி எழுதியது:

மகன் கேட்ட கேள்விக்கு முதலில் பதில். நுகர்வோர் ஆணையத்தின் கதவு 2024 மே 14-ம் தேதியோடு மூடிவிட்டது. டி.கே. காந்தி வழக்கு. ஆரம்பம் என்னவோ ரொம்பச் சின்னது, 20,000 ரூபாய் செக் பவுன்ஸ் வழக்கு. எதிர்த்தரப்பு அந்தப் பணத்தை டிடியாகவும், செலவுக்கு 5,000 ரூபாய் செக்காகவும் கொடுத்தது. அதைத் தன் வக்கீல் தன்னிடம் தராமல் ஃபீஸ் கேட்டு நிறுத்திவிட்டார் என்று கட்சிக்காரர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். மாநில ஆணையம் வக்கீல் தொழில் இந்தச் சட்டத்தில் வராது என்றது. 2007-ல் தேசிய ஆணையம் வரும் என்றது. பிறகு உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது. அப்புறம் பல வருடம் கழித்து நீதிபதிகள் பேலா திரிவேதி, பங்கஜ் மித்தல் அமர்வு "வராது" என்று முடித்து வைத்தது.

சொன்ன காரணம் சுவாரசியமானது. கட்சிக்காரர் சொல்லாமல் வக்கீல் எதையும் விட்டுக்கொடுக்க முடியாது, அவருடைய அறிவுரைப்படிதான் நடக்க வேண்டும். அந்த அளவு கட்டுப்பாடு இருப்பதால் இது தனிப்பட்ட பணி ஒப்பந்தம், நுகர்வோர் சட்டம் அந்த வகையை விலக்கியே வைத்திருக்கிறது என்றார்கள். டாக்டர்களை உள்ளே கொண்டுவந்த 1995 சாந்தா தீர்ப்பையும் மறுபரிசீலனை செய்யலாம் என்று கூடவே எழுதினார்கள். அதே வருடம் நவம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதற்கு அவசியமில்லை என்று சொல்லிவிட்டது. ஆக டாக்டர் உள்ளே, வக்கீல் வெளியே.

ரிட்டர்ன் கட்டு எழுதியது:

அப்படியென்றால் நம்மை யாரும் தொட முடியாது. இன்சூரன்ஸ் எதற்கு, டீக்குச் செலவு செய்யலாம் 😄

தாமிரபரணி எழுதியது:

இந்த நினைப்பில்தான் பார் ரூமில் பாதிப் பேர் திரிகிறார்கள். அதே தீர்ப்பிலேயே, வக்கீல்கள் மேல் வழக்குப் போட முடியாது என்றோ, அவர்கள் தவறுக்குப் பொறுப்பில்லை என்றோ நாங்கள் சொல்லவில்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். வழக்கமான சிவில் நீதிமன்றம் திறந்தே இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து லீகல் பிராக்டிஷனர்ஸ் ஃபீஸ் சட்டம், 1926, என்று ஒன்று உண்டு. நாமெல்லாம் ஃபீஸ் பாக்கிக்கு வழக்குப் போட 4-ம் பிரிவை மட்டும் படித்திருப்போம். அதற்கு அடுத்த 5-ம் பிரிவு, வக்கீல் என்ற ஒரே காரணத்தால் தொழில் கவனக்குறைவுக்கான வழக்கிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை என்கிறது. ஃபீஸுக்கு வழக்குப் போடும் உரிமையும் கவனக்குறைவுக்கு வழக்கு வாங்கும் பொறுப்பும் பக்கத்துப் பக்கத்துப் பிரிவுகள்.

வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் இன்னொரு வழி. அட்வகேட்ஸ் சட்டம் 35-ம் பிரிவில் கண்டனம், குறிப்பிட்ட காலம் தொழில் செய்யத் தடை, பெயரையே நீக்குவது என மூன்று தண்டனைகள். ஒரு வருடத்தில் மாநில பார் கவுன்சில் முடிக்காவிட்டால் புகார் இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும். ஆனால் அந்த மகனிடம் ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள்: பார் கவுன்சிலில் ஜெயித்தாலும் நஷ்டஈடாக ஒரு பைசா வராது. பணம் வேண்டுமென்றால் சிவில் வழக்குதான்.

மாசிவீதி எழுதியது:

சிவில் வழக்கு என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள் அண்ணே. கேட்கும் தொகைக்கு 3 சதவீதம் கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும் (2017-க்கு முன்னால் 7.5 என்பதை நினைத்தால் இது பரவாயில்லை). அதைவிடப் பெரிய சிக்கல், வக்கீல் தவறு செய்தார் என்று நிரூபித்தால் மட்டும் போதாது. அந்தத் தவறு நடக்காமல் இருந்தால் தனக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதையும் காட்ட வேண்டும். அதாவது பழைய வழக்கையே புது வழக்குக்குள் நடத்திக் காட்ட வேண்டும். பவானிக்கரை, உங்கள் ஆள் எப்படியும் அக்கா தங்கைக்குப் பங்கு கொடுக்க வேண்டியவர்தான் என்றால் எக்ஸ்பார்ட்டியால் அவருக்கு நஷ்டம் என்ன? நல்ல டிஃபென்ஸ் ஏதாவது இருந்ததா?

பவானிக்கரை எழுதியது:

இருக்கிறது மேடம். அப்பா காலத்திலேயே பதிவான பாகப் பத்திரம் ஒன்று இருக்கிறது, தனித்தனிப் பட்டாவும் ஆகிவிட்டது. அந்தப் பத்திரத்தின் நகலை முதல் நாளே பழைய வக்கீலிடம் கொடுத்ததாகச் சொல்கிறார்.

மாசிவீதி எழுதியது:

அப்படியென்றால் தாமத மனுவுக்கும் அதுதான் முதுகெலும்பு. காலதாமதத்துக்கான காரணத்தை மட்டும் பத்தி பத்தியாக எழுதி, வழக்கில் என்ன டிஃபென்ஸ் இருக்கிறது என்பதை ஒரு வரியில் முடிப்பவர்கள்தான் அதிகம். எதிர்வழக்குரையையும் பத்திர நகலையும் மனுவோடு சேர்த்தே தாக்கல் செய்யுங்கள்.

பழைய வக்கீலைப் பற்றி எவ்வளவு எழுதலாம் என்று கேட்டீர்கள். 1981 ரஃபீக் எதிர் முன்ஷிலால் தீர்ப்பை எல்லோரும் எடுத்துப் போடுவார்கள்: வக்கீல் வரவில்லை என்பதற்காக ஒன்றும் அறியாத கட்சிக்காரர் தண்டனை அனுபவிக்கக் கூடாது. அந்தக் காற்று இப்போது அவ்வளவாக வீசுவதில்லை. 2024 நவம்பரில் ரஜ்னீஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லாப் பழியையும் வக்கீல் தலையில் போட்டுவிட்டுக் கட்சிக்காரர் கை கழுவ முடியாது, தன் வழக்கு என்ன ஆனது என்று அவரும் கவனிக்க வேண்டும் என்றது. வருகிற மனுவில் எல்லாம் "முந்தைய வழக்கறிஞரின் கவனக்குறைவால்" என்று ஒரே வரி இருந்தால் எந்த நீதிபதிக்கும் அலுத்துத்தான் போகும்.

அதனால் அடைமொழி வேண்டாம், தேதி எழுதுங்கள். வக்காலத்துக் கொடுத்த நாள், ஜீபேயில் பணம் போட்ட நாள், எந்தெந்த நாளில் போன் செய்தார், யார் எடுத்தார், என்ன பதில் வந்தது. கால் லிஸ்ட்டை ஆவணமாகச் சேருங்கள். "கமிஷனர் வந்த அன்று மதியமே இ-கோர்ட்ஸில் பார்த்தேன், மறுநாள் நகல் மனு போட்டேன்" என்று வரும் இரண்டு வரி, "மேற்படி வழக்கறிஞர் மோசடியாகவும் வஞ்சகமாகவும்" என்ற முழுப் பக்கத்தைவிட வேலை செய்யும். நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டு எழுதினால் கையெழுத்துப் போடும் கட்சிக்காரருக்கும் சிக்கல், வரைந்து கொடுக்கும் உங்களுக்கும் சிக்கல்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். மனு தள்ளுபடியானால் சிவில் நடைமுறைச் சட்டம் 96(2)-ன் கீழ் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாணை மேலேயே நேரடியாக அப்பீல் போகலாம். எக்ஸ்பார்ட்டியை ரத்து செய்யக் கோரும் 9-வது கட்டளை 13-ம் விதி மனுவில் செலவான காலத்தை அப்பீல் தாமதத்துக்குக் காரணமாகச் சொல்லலாம் என்று 2019-ல் பிவ்சந்திர சங்கர் மோரே வழக்கில் சொல்லியிருக்கிறார்கள்.

கட்சிக்காரன் எழுதியது:

நான் வக்கீல் இல்லை, வழக்கு நடத்தி நொந்தவன். எனக்குப் புரியாதது ஒன்றுதான். தேதி என்ன, என்ன ஆச்சு என்று ஒரு மெசேஜ் போட என்ன கஷ்டம்? என் வழக்கில் தீர்ப்பு வந்ததே எதிர்த்தரப்புக்காரர் ஊரில் பட்டாசு வெடித்தபோதுதான் எனக்குத் தெரியும். அப்பீல் கெடு முடிந்து போயிருந்தது. வக்கீலைக் கேட்டால் "நீங்க வந்து பாக்கலையே" என்றார். ஃபீஸ் கேட்க மட்டும் என் நம்பர் அவரிடம் இருந்தது.

ரிட்டர்ன் கட்டு எழுதியது:

சார், கோபம் நியாயம்தான். நாங்கள் மெசேஜ் போட்டால் "எப்ப சார் முடியும்" என்று தினம் பத்து போன் வரும். அதற்குப் பயந்தே பல பேர் போடுவதில்லை.

கட்சிக்காரன் எழுதியது:

பத்து போன் வந்தாலும் பரவாயில்லை, பட்டாசுச் சத்தத்தில் தெரிந்துகொள்வதைவிட.

தாமிரபரணி எழுதியது:

கட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்கும் உரிமை வக்கீலுக்குக் கிடையாது. 2000-ல் ஆர்.டி. சக்சேனா வழக்கிலேயே முடிந்துபோன விஷயம். ஒரு கூட்டுறவு வங்கியின் சட்ட ஆலோசகராக இருந்தவர், 97,100 ரூபாய் பாக்கி என்று சொல்லி வங்கியின் வழக்குக் கட்டுகளைத் தர மறுத்தார். இந்திய பார் கவுன்சில் 18 மாதம் தடை விதித்தது. உச்ச நீதிமன்றம் அதைக் கண்டனமாகக் குறைத்தது. அது வரைக்கும் இந்த விஷயத்தில் சட்டம் தெளிவாக இல்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆனால் இனிமேல் யாரும் கட்டை நிறுத்தினால் அது தொழில் முறைகேடுதான் என்று சொல்லிவிட்டது. பாக்கிக்குத் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

நோ அப்ஜெக்‌ஷன் கிடைக்காவிட்டால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பார் கவுன்சில் விதியிலேயே வழி இருக்கிறது: சம்மதம் கிடைக்காத காரணத்தைச் சொல்லி நீதிமன்றத்தில் மனுப் போட்டு, அனுமதி வாங்கி ஆஜராகலாம். முதலில் பழைய வக்கீலுக்கு மரியாதையாகப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதுங்கள். சக்சேனா தீர்ப்பை அதில் ஒரு வரி குறிப்பிட்டால் கட்டு தானாக நகர்ந்து வரும்; என் அனுபவத்தில் பெரும்பாலும் வந்திருக்கிறது.

மாசிவீதி எழுதியது:

இனி பவானிக்கரையின் அடுத்த கேள்வி. நம் ஆபீஸில் இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்வது என்பது. சட்டம் தெரியாமல் மாட்டிக்கொண்ட வக்கீலை நான் அதிகம் பார்த்ததில்லை. மாட்டுவது எல்லாம் தேதியில், காகிதத்தில், சொன்னதா சொல்லலையா என்ற தகராறில்.

என் ஆபீஸில் கோர்ட் டைரி குமாஸ்தா கையில், அதற்குத் தனியாக ஒரு கெடு நோட்டு என் மேஜையில். இரண்டையும் சேர்த்து ஒரே டைரியாக வைப்பதில்தான் விபத்து. வாய்தா தேதி தவறினால் எப்படியாவது ரெஸ்டோர் செய்யலாம். சில கெடுக்களை யாராலும் மன்னிக்க முடியாது. நடுவர் (ஆர்பிட்ரேஷன்) தீர்ப்பை எதிர்க்கும் 34-ம் பிரிவு மனுவுக்கு மூன்று மாதம், மேலே 30 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. வணிக வழக்கில் எதிர்வழக்குரைக்கு 120 நாள். நுகர்வோர் வழக்கில் எதிர்த்தரப்புப் பதிலுக்கு 30 நாள், கூட 15. இதை 2020-ல் அரசியல் சாசன அமர்வே உறுதி செய்துவிட்டது. செக் பவுன்ஸுக்கான 138-ம் பிரிவில் பேங்க் மெமோ வந்த தகவல் தெரிந்ததிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ்; அது போய்ச் சேர்ந்து 15 நாள்; பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். புகார் தாமதத்தையாவது காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம், நோட்டீஸ் கெடு போனால், செக் காலாவதி ஆகுமுன் மறுபடி பேங்கில் போட்டால் ஒழிய, அந்த வழக்கு போச்சு. இந்த வகைக் கெடுவை எல்லாம் சிவப்பு மையில் எழுதுவோம், அதுவும் கடைசி நாளை எழுதுவதில்லை. பத்து நாள் முன்னால் எழுதுவோம்.

நம்மூருக்கே உரிய இன்னொரு பள்ளம் ரிட்டர்ன். கெடுவுக்குள் அப்பீலைத் தாக்கல் செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம். ஏதோ ஒரு குறை சொல்லி ஃபைலிங் செக்‌ஷனில் ரிட்டர்ன் ஆகியிருக்கும். யாரும் போய் வாங்கவில்லை. கட்சிக்காரர் அப்பீல் நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார், கட்டு அலமாரியில் தூசி தின்னும். வருடம் கழித்து மறுதாக்கல் தாமதத்துக்குத் தனி மனு. என் குமாஸ்தா வெள்ளிக்கிழமை தோறும் இன்னும் வழக்கு எண் ஆகாத கட்டு எத்தனை, எது எங்கே நிற்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டு தருவார். அந்தச் சீட்டு வராமல் அந்த வாரம் முடியாது.

இ-கோர்ட்ஸ் ஆப் கட்டாயம் வைத்திருங்கள். வழக்கின் அடையாளமான 16 எழுத்து சிஎன்ஆர் எண்ணைக் கட்டின் மேலட்டையிலேயே எழுதிவிடுவோம், அதன் ஒரு காப்பி கட்சிக்காரருக்கும் போகும். அவரே பார்க்கட்டும் என்றுதான். "நீங்க சொல்லவே இல்லையே" என்ற பேச்சு பாதி குறைந்துவிட்டது. ஆனால் ஆப்பை மட்டும் நம்பாதீர்கள். பெஞ்சில் சொன்ன தேதி ஒன்று, ஏற்றிய தேதி ஒன்று என்று இருப்பது உண்டு. சந்தேகம் வந்தால் கோர்ட்டின் ஏ டைரி பதிவேடுதான்.

அப்புறம் வழக்கு எடுக்கும்போது ஒரு பக்கம், முடிக்கும்போது ஒரு பக்கம். எடுக்கும்போது தமிழில் எளிமையாக: இந்த வழக்குக்கு மட்டும்தான் என்னை நியமித்திருக்கிறீர்கள், அப்பீல் தனி, ஃபீஸ் இவ்வளவு, செலவு தனி, உங்கள் சார்பில் தகவல் கேட்கும் உரிமை இன்னாருக்கு மட்டும், போன் நம்பர் மாறினால் சொல்ல வேண்டும். முடிக்கும்போது: தீர்ப்புத் தேதி இது, நகல் மனு போட்டாயிற்று, மாவட்ட நீதிமன்றம் என்றால் அப்பீல் கெடு 30 நாள், உயர் நீதிமன்றம் என்றால் 90, அப்பீல் வேண்டுமா வேண்டாமா என்று எழுதித் தரவும். வேண்டாம் என்றால் அவர் கையெழுத்து. மேலே எழுதிய சாருக்கு இந்த ஒரு தாள் கிடைத்திருந்தால் பட்டாசு வரைக்கும் போயிருக்காது.

தகவல் யாருக்கு என்ற வரியை அலட்சியம் செய்யாதீர்கள். அண்ணன் வழக்கு, தம்பி வந்து பேசுவார், ஃபீஸ் துபாயில் இருக்கும் மச்சான் அனுப்புவார். கடைசியில் சமரசம் என்று வரும்போது மூன்று பேரும் மூன்று சொல்வார்கள். கட்சிக்காரர் தெளிவாக அதிகாரம் தராமல் வக்கீல் எதையும் ஒப்புக்கொண்டு விட்டுக்கொடுக்கக் கூடாது என்று 2015-ல் ஹிமாலயன் சொசைட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நான் சமரச மெமோ ஒவ்வொரு பக்கத்திலும் கட்சிக்காரர் கையெழுத்து இல்லாமல் கோர்ட்டுக்குள் கால் வைப்பதில்லை.

ரிட்டர்ன் கட்டு எழுதியது:

மேடம், இதையெல்லாம் செய்ய ஐந்து பேர் ஆபீஸ் வேண்டும். ஒரு குமாஸ்தாவை மூன்று வக்கீல் பங்கு போட்டுக்கொள்ளும் ஊர் எங்களுடையது. கையெழுத்துக் கேட்டால் "என்ன வக்கீலய்யா, என் மேல நம்பிக்கை இல்லையா" என்று கட்சிக்காரர் அடுத்த ஆபீஸுக்குப் போய்விடுவார்.

மாசிவீதி எழுதியது:

போனவர் யாரும் எனக்கு நினைவில் இல்லை. கையெழுத்துக் கேட்க முடியாத இடத்தில் வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்புங்கள், "சரிங்க" என்று ஒரு பதில் வந்தால் போதும். போனை மாற்றும்போது அந்தச் சாட்டை எடுத்து வைத்துக்கொள்ள மறக்காதீர்கள். நோட்டுக்கு ஆள் தேவையில்லை, நாற்பது ரூபாய் நோட்டுப் புத்தகம்தான்.

வில்லங்கம் பார்ப்பவள் எழுதியது:

நான் பேங்க் பேனலில் (கடனுக்குப் பத்திரங்களைச் சரிபார்த்து ஒப்பீனியன் தரும் வக்கீல் பட்டியல்) இருக்கிறேன், கோர்ட்டுக்குப் போவது குறைவு. எங்கள் பயம் வேறு. லோன் வராக்கடன் ஆனதும் முதலில் புரட்டிப் பார்ப்பது எங்கள் லீகல் ஒப்பீனியனைத்தான். போலிப் பத்திரம் என்று தெரிந்தால் எஃப்.ஐ.ஆரில் மேனேஜர், வேல்யூவர், அப்புறம் வக்கீல்.

இதில் நாங்கள் சாமி கும்பிடுவது 2012 நாராயண ராவ் தீர்ப்பைத்தான். வீட்டுக்கடன் மோசடியில் தவறான ஒப்பீனியன் கொடுத்தார் என்று பேனல் வக்கீல் மேல் சிபிஐ போட்ட வழக்கு. ஒப்பீனியன் தவறாகப் போனது என்பதற்காக மட்டும் சதியில் சேர்க்க முடியாது, மற்றவர்களோடு கூட்டுச் சேர்ந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்று ரத்து செய்தார்கள். ஆனால் பெரிய அளவு கவனக்குறைவு என்றால் சிவில் பொறுப்பும் பார் கவுன்சில் நடவடிக்கையும் வரலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. அந்தப் பாதியைப் பலர் படிப்பதில்லை.

எஃப்.ஐ.ஆர் வராவிட்டாலும் ஒன்று இருக்கிறது. மோசடியில் பங்கு உண்டு என்று வங்கி முடிவு செய்தால் நம் பெயர் இந்திய வங்கிகள் சங்கமான ஐபிஏவுக்குப் போகும். அங்கிருந்து எச்சரிக்கைப் பட்டியல் எல்லா வங்கிகளுக்கும் போகும். ஒரு பேங்க் அனுப்பினால் எல்லாப் பேனலும் காலி. மற்ற வக்கீல்கள் தீர்ப்புக்குப் பயப்படுவார்கள், நாங்கள் இந்தப் பட்டியலுக்கு.

நான் செய்வது: எந்தப் பத்திரத்தின் மூலத்தைக் கண்ணால் பார்த்தேன், எதன் நகல் மட்டும் வந்தது என்று தனித்தனியாக எழுதுவேன். வில்லங்கச் சான்று எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, அதை நானே எடுத்தேனா, கடன் வாங்குபவர் கொண்டுவந்தாரா என்பதும் அதில் இருக்கும். கடன் வாங்குபவர் கொண்டுவந்த சான்றை நம்புவதே இல்லை. சர்வே எண் உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண்ணிலும் புது எண்ணிலும் வில்லங்கம் போட வேண்டும். பாதிப் போலிகள் இந்த இடைவெளியில்தான் நுழைகின்றன. சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸிலிருந்து சான்றிட்ட நகல் வாங்கி மூலத்தோடு வைத்துப் பார்ப்பேன், பக்க எண் முத்திரை வரைக்கும். இதற்கு பேங்க் தரும் ஃபீஸைச் சொன்னால் சிரிப்பீர்கள். "மதியத்துக்குள்ள ஒப்பீனியன் வேணும் மேடம், மார்ச் டார்கெட்" என்று போன் வேறு.

பவானிக்கரை எழுதியது:

ரொம்ப நன்றி. இன்சூரன்ஸ் பற்றி யாருமே சொல்லவில்லையே?

தாமிரபரணி எழுதியது:

இருக்கிறது, நான் எடுத்திருக்கிறேன். நம் நாட்டில் கட்டாயம் இல்லை, அதனால் யாரும் பேசுவதில்லை. ப்ரொஃபஷனல் இன்டெம்னிட்டி என்று கேளுங்கள், பொதுத்துறைக் கம்பெனிகளிலேயே வக்கீல்களுக்குக் கிடைக்கும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியது ஒன்று. கார் இன்சூரன்ஸ் மாதிரி, விபத்து நடந்த வருடத்துப் பாலிசி போதும் என்று நினைக்காதீர்கள். பாலிசி அமலில் இருக்கும் காலத்திலேயே உங்கள் மேல் கோரிக்கை வந்து, அதை நீங்கள் கம்பெனிக்கு எழுதித் தெரிவித்திருக்க வேண்டும். நீங்கள் கோட்டைவிட்டது இந்த வருடம், கட்சிக்காரர் நோட்டீஸ் விடுவது மூன்றாம் வருடம், நடுவில் பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் ஒன்றும் கிடைக்காது. முன்தேதி என்று ஒரு கட்டம் பாலிசியில் இருக்கும். அந்தத் தேதிக்கு முன்னால் செய்த வேலைக்குக் காப்பு இல்லை. விடாமல் புதுப்பித்தால்தான் அந்தத் தேதி பழையதாகவே நிற்கும். ஒரு கோரிக்கைக்கு எவ்வளவு, வருடம் முழுவதற்கும் எவ்வளவு என்று இரண்டு வரம்பு இருக்கும், இரண்டையும் பாருங்கள். ஜூனியரும் குமாஸ்தாவும் செய்வது அடங்குமா என்று எழுதிக் கேளுங்கள். மோசடி, நேர்மையின்மை, அபராதம் எதற்கும் பணம் வராது. கட்சிக்காரர் பணத்தைக் கையாடிய வழக்கிலெல்லாம் பாலிசியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

தேம்ஸ் ஓரம் எழுதியது:

லண்டனிலிருந்து ஒரு சொலிசிட்டர். பூர்வீகம் யாழ்ப்பாணம், உங்கள் இழையைப் பார்த்துச் சொல்லத் தோன்றியது. இங்கே காப்புறுதி இல்லாமல் ஒரு நாள்கூட அலுவலகம் திறக்க ஏலாது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் குறைந்தது 20 லட்சம் பவுண், கம்பனியாகப் பதிந்த நிறுவனம் என்றால் 30 லட்சம். அலுவலகத்தை மூடினாலும் ஆறு வருடத்துக்கு, பின்னால் வரும் கோரிக்கைகளுக்கான பின்காப்பு வாங்க வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்தே வயது போன பின்னும் கடையை மூடாமல் இருக்கிற ஆட்களைத் தெரியும். நீதிமன்றத்தில் வாதாடுபவருக்கு இருந்த விலக்கையும் 2000-ல் ஹால் எதிர் சைமன்ஸ் தீர்ப்பில் பிரபுக்கள் சபை எடுத்துவிட்டது.

காப்புறுதிக்காரன் ஒவ்வொரு வருடமும் படிவம் அனுப்பி, தவணைகளை எப்படிக் குறிக்கிறீர்கள், இரண்டாவது ஆள் சரிபார்க்கிறாரா என்று கேட்பான். பதில் சரியில்லாவிட்டால் கட்டணம் ஏறும். சொல்லப்போனால் எங்கள் நாட்குறிப்பு ஒழுங்காக இருப்பதற்கு நீதிமன்றத்தைவிட அவன்தான் காரணம்.

வில்லங்கம் பார்ப்பவள் எழுதியது:

கட்சிக்காரர் பணம் பற்றி தாமிரபரணி சார் சொன்னதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டி.கே. காந்தி வழக்கின் மூலமே கைக்கு வந்த பணத்தை ஃபீஸோடு கலந்த தகராறுதான். ஃபீஸுக்கு வந்தது எது, செலவுக்கு வந்தது எது என்று கணக்கில் பிரித்து எழுத வேண்டும், கேட்டால் கணக்கின் நகலைத் தர வேண்டும் என்று பார் கவுன்சில் விதி சொல்கிறது. நம் பக்கத்தில் எல்லாம் ஒரே சட்டைப் பையில் போகும். ஒரு மஞ்சள் ரசீதுப் புத்தகம் போதும் இதற்கு.

மோட்டார் விபத்து வழக்குகளில் சதவீதம் பேசுவதும் அப்படியே. எல்லா ஊரிலும் நடக்கிறது என்பதால் சரியாகிவிடாது. 2017-ல் சுனிதா வழக்கில், இழப்பீட்டில் சதவீதக் கணக்கில் ஃபீஸ் என்று வாங்கிய செக்கை வைத்து வக்கீல் போட்ட 138 வழக்கையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஃபீஸும் போனது, பேரும் போனது.

புது கவுன் எழுதியது:

ஜூனியர் ஒருவனின் கேள்வி. எங்கள் சீனியர் வக்காலத்தில் ஆபீஸில் இருக்கும் எல்லோர் பெயரையும் போடுகிறார். 2024-ல் உயர் நீதிமன்றம் ஜூனியருக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 தர வேண்டும் என்று சொன்னது. அது எங்கள் ஆபீஸ் வாசலைத் தாண்டவில்லை, அதை விடுங்கள். நான் அடுத்த மாதம் வெளியே போகிறேன். நான் பார்க்கவே பார்க்காத கட்டுகளில் எல்லாம் என் பெயர் இருக்கிறது. நாளை ஏதாவது ஆனால் நோட்டீஸ் எனக்கும் வருமா?

மாசிவீதி எழுதியது:

வரும் தம்பி. சிவில் நடைமுறைச் சட்டம் 3-வது கட்டளை 4-ம் விதிப்படி, நீதிமன்ற அனுமதியோடு எழுத்தில் முடித்துக்கொள்ளாத வரை, கட்சிக்காரரோ வக்கீலோ இறக்காத வரை, வழக்கு நடவடிக்கை எல்லாம் முடியாத வரை வக்காலத்து உயிரோடுதான் இருக்கும். ஆபீஸை விட்டுப் போனதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பார் கவுன்சில் புகாரிலும் வக்காலத்தைப் பார்த்துத்தான் பெயர் எழுதுவார்கள்.

கிளம்பும் முன் உங்கள் பெயர் உள்ள கட்டுகளின் பட்டியலை எடுங்கள். இ-கோர்ட்ஸில் வக்கீல் பெயர் வைத்தும் பதிவு எண் வைத்தும் தேடினால் பெரும்பாலும் வந்துவிடும். பழைய வழக்குகளில் சீனியர் பெயர் மட்டும் ஏறியிருக்கும், அதைக் குமாஸ்தாவிடம்தான் கேட்க வேண்டும். சீனியரிடம் முகம் கொடுத்துச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு கட்டிலும் விலகல் மெமோ போடுங்கள். சீனியர் பெயர் தொடர்வதால் கட்சிக்காரருக்கு இடைஞ்சல் இல்லை, பெரும்பாலும் கேள்வி வராது.

புது கவுன் எழுதியது:

ஒவ்வொரு கட்டிலும் என்றால் இருநூறுக்கு மேல் இருக்கும் மேடம். பொதுவாக ஒரே மெமோ போட முடியாதா?

மாசிவீதி எழுதியது:

கோர்ட் வாரியாகப் பிரித்துப் பட்டியலோடு ஒரு மெமோ வாங்கிக்கொள்கிறார்களா என்று தலைமை எழுத்தரைக் கேட்டுப் பாருங்கள். சில இடத்தில் வாங்குவார்கள். ஆனால் அது ஒவ்வொரு வழக்குக் கட்டிலும் ஏறினால்தான் பிரயோஜனம். முதலில் எக்ஸ்பார்ட்டி நிலையில் இருப்பது, எண் ஆகாமல் நிற்பது, அப்பீல் கெடு ஓடுவது இந்த மூன்று வகையையும் முடித்துவிடுங்கள். சும்மா வாய்தாவில் நிற்கும் கட்டுகளை அப்புறம் பார்க்கலாம். தாக்கல் செய்த முத்திரையோடு ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள்.